நிலைக்கதவைத் தாழ்த்தினால் குழந்தை வேகமாக ஓடுமா?

கணினியின் எம்டியூவை, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை, 1500 பைட்டிலிருந்து 576-க்கு இறக்கினால் கேமில் லேக் போய்விடும் என்று சென்ற இதழில் நண்பர் அடித்துச் சொல்லியிருக்கிறார். பாக்கெட் சிறியதானால் சீக்கிரம் போய்ச் சேருமாம்.

இந்த 576 எங்கிருந்து வந்தது என்று அவர் தேடிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1981-இல் ஐபி நெறிமுறையை வகுத்தவர்கள், எந்தக் கணினியும் குறைந்தது 576 பைட் பாக்கெட்டையாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வைத்தார்கள். அது வாங்கும் திறனுக்கான கீழ்வரம்பு. வேகத்துக்கான மருந்துச்சீட்டு அல்ல. விண்டோஸ் 95 காலத்து டயல்-அப் ஆட்கள் அதைப் பிடித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. 33.6 கிலோபிட் மோடத்தில் 1500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேற மூன்றில் ஒரு நொடிக்கு மேலாகும். பின்னால் நிற்பது காத்துக்கிடக்கும். 100 மெகாபிட் ஃபைபரில் அதே பாக்கெட்டுக்கு 0.12 மில்லிநொடி. 576 ஆக்கினால் மிச்சமாவது 0.07 மில்லிநொடி. இந்த மிச்சத்தில்தான் நண்பர் எதிரியை முந்திச் சுடப்போகிறார்!

அதுவும் எங்கே மிச்சமாகிறது? விளையாடும்போது கணினி அனுப்பும் பாக்கெட்டுகள் பெரும்பாலும் சில நூறு பைட்டைத் தாண்டுவதில்லை. ஆறடி நிலைக்கதவை நாலடிக்குத் தாழ்த்தினால் குழந்தையின் ஓட்டம் கூடாது, பெரியவர்களின் தலைதான் இடிபடும். கோப்பு இறக்கும் டிசிபி பாக்கெட் ஒவ்வொன்றிலும் 40 பைட் ஹெடருக்கே போகிறது. 1500-இல் அது 2.7 சதவீதம், 576-இல் 7 சதவீதம். பெரிய கோப்பு இறக்கினால் பாக்கெட் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கு மேல் போகும். ஐபிவி6-க்கும் இதே எண்ணைப் போடச் சொல்வதுதான் உச்சம். 1280-க்குக் கீழே அது இயங்காது என்பது எழுதிவைத்த விதி.

எம்டியூவைத் தொடவே கூடாதென்று நான் சொல்லவில்லை. அலுவலக விபிஎன்னில் ஒரு வாரம் நானே மாட்டிக்கொண்டேன்: சின்னப் பக்கங்கள் திறந்தன, இணைப்பு வைத்த மின்னஞ்சல் மட்டும் பாதியில் நின்றது. "பாக்கெட் பெரிது, குறை" என்று திரும்பிவர வேண்டிய ஐசிஎம்பி தகவலை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிக்கொண்டிருந்தது. அப்போதும் செய்ய வேண்டியது அளப்பதுதான். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். பிங்கின் ஹெடர் 28 சேர்த்தால் 1500. போகவில்லையா, 1464 அனுப்புங்கள். அது போனால் அளவு 1492. சில பிராட்பேண்ட் இணைப்புகள் பயன்படுத்தும் பிபிபிஓஇ நெறிமுறை தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதுவும் நின்றால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். நான் 1400-இல் நிறுத்தினேன். 576-ஐ எட்டிப்பார்க்கவும் வேண்டியிருக்கவில்லை.

ஆதாரமாக அவர் போட்டிருக்கும் இரண்டு ஸ்பீடு டெஸ்ட் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் கடிகாரம் தெரிகிறது. மாற்றத்துக்கு முந்தைய சோதனை இரவு 9.10-க்கு, தெருவே படம் பார்க்கும் நேரம். மாற்றிய பிறகு, ரூட்டரையும் அணைத்துப் போட்டுவிட்டு அவர் எடுத்த சோதனை விடியற்காலை 5.40-க்கு.