பின்வரிசைப் பிள்ளைக்கும் ஒரு பள்ளியாண்டு

 

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் எழும் பரபரப்பைச் சொல்லவும் வேண்டுமோ? சீருடை தைத்து வந்ததா, நோட்டுகளுக்கு அட்டை போட்டாயிற்றா என்று வீடே அல்லோலகல்லோலப்படும். ஆனால் அதே வீட்டின் ஒரு மூலையில், பள்ளி என்ற சொல்லைக் கேட்டதுமே முகம் வாடும் பிள்ளை ஒன்றும் இருக்கக்கூடும். மூன்றாம் வகுப்பை எட்டிய பின்னும் 'ப'வையும் 'ம'வையும் பிரித்தறியத் தடுமாறும் பிள்ளை. நேற்று ஒப்பித்த வாய்ப்பாட்டை இன்று மறந்து நிற்கும் பிள்ளை. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் அமர இயலாத பிள்ளை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராத பிள்ளை.

இப்பிள்ளைகளுக்கு நாம் சூட்டியுள்ள பெயர்கள்தாம் எத்தனை! மக்கு, மந்தம், சோம்பேறி, அடங்காப்பிடாரி! பையனாக இருந்தால், "ஐந்தாம் வகுப்போடு போதும், கடையில் நிற்கட்டும்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பெண்ணாக இருந்தாலோ, "வீட்டோடு இருக்கட்டும்" என்பதோடு முடிந்துவிடுகிறது. ஒரு வாழ்வின் திசை ஒரு மாலைப்பொழுதில் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது!

இத்தகைய பிள்ளையின் கல்வி ஒரே நாளில் கைவிட்டுப் போவதில்லை. மாதம் மாதமாகத்தான் நழுவுகிறது. ஆகவே, அதை மாதம் மாதமாகத்தான் மீட்கவும் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளியொன்றின் ஓராண்டை எடுத்துக்கொண்டு, எந்தப் பருவத்தில் பெற்றோர் எதைச் செய்ய வேண்டும் என்பதை இம்மாதம் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்வது எவரும் காட்டும் இரக்கமன்று. அது பிள்ளையின் உரிமை. 1995-ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே கணக்கில் எடுத்தது. அதற்கு மாற்றாக வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. பார்வை, செவி, கை, கால் குறைபாடுகளோடு, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, எழுத்தும் எண்ணும் பிடிபடாமல் தடுமாறச் செய்யும் கற்றல் குறைபாடு ஆகியனவும் அதில் அடங்கும்.

அரசின் நிதி பெறும் பள்ளியாயினும், அரசின் அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியாயினும், பாகுபாடு காட்டாமல் இப்பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. நம் சமுதாயப் பெரியோர் நடத்தும் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிவதும் பள்ளியின் கடமையே. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அருகிலுள்ள பொதுப் பள்ளியில் பயில்வதா, சிறப்புப் பள்ளியில் பயில்வதா என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் அதில் சேர்ந்ததே.

ஜூன், ஜூலை: ஒளிக்காமல் சொல்லும் காலம்

சேர்க்கையின்போது பிள்ளையின் குறையை மறைத்துவிட்டால் ஆசிரியர் கடிந்துகொள்ளமாட்டார் என்று எண்ணும் தாய்மார் உண்டு. நடப்பதோ நேர்மாறு. காரணம் அறியாத ஆசிரியர் பிள்ளையைச் சோம்பேறி என்றே முடிவு கட்டுவார். ஆகவே, பள்ளி திறந்த முதல் இரு வாரங்களுக்குள் வகுப்பாசிரியரைத் தனியே சந்தியுங்கள். பிள்ளைக்கு எது வரும், எது வராது, எதைக் கண்டு மிரளும், எதைச் சொன்னால் அமைதியுறும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அடுத்து, கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். மந்தம் என்று பெயரெடுத்த பிள்ளைகளுள் கரும்பலகை தெரியாமல் திண்டாடியோரும் உண்டு. ஆசிரியரின் குரல் பாதியே காதில் விழுந்தோரும் உண்டு. அவர்களுக்கு ஒரு மூக்குக்கண்ணாடியோ செவித்துணைக் கருவியோ போதுமானதாகிவிடும்.

அவ்விரண்டும் சரியாக இருந்தும் பிள்ளை தடுமாறினால், வட்டார வள மையத்தை நாடுங்கள். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் கீழ் பணிபுரியும் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் அங்கே உள்ளனர். வட்டார அளவில் மருத்துவ மதிப்பீட்டு முகாம்களும் நடத்தப்படுகின்றன. முகாம் நடைபெறும் நாளைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழும், நாடு முழுவதும் செல்லுபடியாகும் தனித்துவ அடையாள அட்டையும் பெறுவதற்கு இதுவே தொடக்கம்.

ஆகஸ்ட், செப்டம்பர்: வகுப்பறையின் காலம்

சிறப்பாசிரியர் வந்து பார்த்தபின், அப்பிள்ளைக்கெனத் தனிக் கல்வித் திட்டம் ஒன்று வகுக்கப்பட வேண்டும். இவ்வாண்டின் முடிவில் எட்ட வேண்டியவை எவை, அதற்கான சிறு படிகள் எவை என்பதே அத்திட்டம். அதில் பெற்றோருக்கும் பங்கு உண்டு. அதன் படி ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டிலும் அதையே பின்பற்றுங்கள்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுதினால், கண் தவறவிட்ட எழுத்தை விரல் நினைவில் வைத்துக்கொள்ளும். புளியங்கொட்டைகளை அடுக்கிக் கூட்டலும் கழித்தலும் கற்கலாம். முன்வரிசையில் இடம், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, எழுதத் திணறும் பிள்ளைக்கு வாய்மொழியாக விடை சொல்ல வாய்ப்பு ஆகிய இவை எந்த ஆசிரியராலும் செய்யக்கூடியவை. காலாண்டுத் தேர்வுக்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடுங்கள். மதிப்பெண் பட்டியல் வந்தபின் வருந்திப் பயன் என்ன?

மாலையில் குர்ஆன் ஓதச் செல்லும் இடத்திலும் இதே தடுமாற்றம் தோன்றும். பள்ளி ஆசிரியரிடம் சொன்னதை உஸ்தாதிடமும் சொல்லுங்கள். ஓரிடத்தில் கனிவும் மற்றோரிடத்தில் பிரம்பும் கண்டால் பிள்ளை யாரைத்தான் நம்பும்?

அக்டோபர், நவம்பர்: ஆவணங்களின் காலம்

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பயிலும் பிள்ளையாயின் இம்மாதங்கள் மிக முக்கியமானவை. அரசுப் பொதுத் தேர்வில் இப்பிள்ளைகளுக்குக் குறைபாட்டின் தன்மைக்கேற்பச் சலுகைகள் உண்டு. விடை சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்பன அவற்றுள் சில. ஆனால் மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக, தேர்வுத்துறை குறிப்பிடும் நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். தேர்வு அறையின் வாயிலில் நின்று கேட்டுப் பெறக்கூடியவை அல்ல இவை!

"சான்றிதழ் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடுமே, நாளை அக்காளுக்கும் தங்கைக்கும் சம்பந்தம் பேசும்போது இடறுமே" என்று அஞ்சும் பெற்றோரை நாம் அறிவோம். அந்த அச்சம் பொய்யென்று சொல்லமாட்டோம். நம் ஊர்களின் பேச்சு அத்தகையது. ஆயினும் நியாயத் தராசை நீங்களே பிடியுங்கள். சான்றிதழ் உங்கள் பெட்டியில் இருக்கும்; தேவைப்படும் இடத்தில் மட்டுமே காட்டுவீர்கள். அது இல்லையேல், விடை முழுவதும் அறிந்த பிள்ளை, எழுத இயலாத ஒரே காரணத்தால் தேர்ச்சி பெறாமல் திரும்புவான். அந்தத் தோல்வியை ஊரிடமிருந்து மறைக்க எந்தப் பெட்டி உள்ளது?

டிசம்பர்: விழா ஒரு நாள், பங்கு ஆண்டு முழுதும்

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகளுக்கான உலக நாள். 1992-இல் ஐக்கிய நாடுகள் அவை இதை அறிவித்தது. அன்று பள்ளிகளில் போட்டிகள் நடைபெறும், பரிசுகள் வழங்கப்படும். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஒரு நாளில் மேடையேற்றிவிட்டு, சுதந்திர தின அணிவகுப்பிலும் சுற்றுலாவிலும் ஆண்டு விழாவிலும் அதே பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னால், அந்தப் பரிசுக்குப் பொருளென்ன?

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடைபெற்று வருகிறது. உங்கள் பிள்ளைக்குப் படம் வரையப் பிடிக்குமா, களிமண் பிசையப் பிடிக்குமா, பறை தட்டப் பிடிக்குமா என்று கண்டு, பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லத் தயங்கினால், "உடன் வர நான் ஆயத்தம்" என்று முன்வாருங்கள். தயக்கத்தின் காரணம் பல வேளைகளில் வெறுப்பன்று. பொறுப்பைப் பற்றிய அச்சமே.

ஜனவரி, பிப்ரவரி: மைதானத்தின் காலம்

விளையாட்டு விழா நெருங்கும்போது, "இவன் ஓரமாக உட்கார்ந்து கை தட்டட்டும்" என்னும் குரல் எழும். அப்போது சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவை நினைவூட்டுங்கள். ஐந்து வயதில் பேருந்து மோதி அவரது வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. ஏழைத் தாயின் உழைப்பில் வளர்ந்த அச்சிறுவனைப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் உயரம் தாண்டுமாறு ஊக்கினார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், 2021-இல் நடைபெற்ற டோக்கியோ போட்டியில் வெள்ளி, 2024-இல் பாரிசில் வெண்கலம்! அனைவரும் பதக்கம் வெல்லப்போவதில்லை. ஆனால் அந்த ஆசிரியர் அவரை ஓரத்தில் அமர வைத்திருந்தால் இந்தப் பதக்கங்கள் ஏது?

மார்ச் முதல் மே வரை: தேர்வும் விடுமுறையும்

அண்மை ஆண்டுகளில் ரமலான் மாதம் தேர்வு நெருங்கும் காலத்தையொட்டி வருகிறது. ஸஹருக்காக வீடு விழித்தெழும்; உணவு நேரமும் உறக்க நேரமும் மாறும். அன்றாட ஒழுங்கையே பற்றுக்கோடாகக் கொண்ட ஆட்டிசப் பிள்ளைக்கு இந்த மாற்றம் பெருங்குழப்பத்தைத் தரக்கூடும். சில நாள்களுக்கு முன்பே, எப்போது எழுவோம், எப்போது பள்ளி, எப்போது நோன்பு திறப்போம் என்பதைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டி, நாள்தோறும் காட்டி வாருங்கள். பெருநாள் கூட்டத்தின் இரைச்சலுக்கும் அவ்வாறே அவர்களை ஆயத்தப்படுத்துங்கள்.

ஆண்டு முடிவில் மறவாமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இவ்வாண்டு எம்முறை பயன் தந்தது, எது தரவில்லை என்பதை வகுப்பாசிரியரிடம் ஒரு நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் வரும் புதிய ஆசிரியரிடம் அதைக் கொடுங்கள். இல்லாவிடில் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் முதல் படியிலிருந்தே ஏற வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் பாடநூலைத் திணிக்காதீர்கள். கடையில் சில்லறை எண்ணவும், பேருந்தின் பெயர்ப்பலகை படிக்கவும், தன் சட்டைக்குத் தானே பொத்தான் போடவும் கற்றுக்கொடுங்கள். அதுவும் கல்வியே.

பெண்மக்களுக்கு ஒரு சொல்

இக்குறைபாடு மகனுக்கு இருந்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம். மகளுக்கு இருந்தால் கதவைச் சாத்துகிறோம். இது நீதியா? சிறப்புத் தேவையுள்ள பெண்பிள்ளைகள் படிப்பைத் தொடர, ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு உதவித்தொகை வகுக்கப்பட்டுள்ளது. தொகை சிறிதுதான். ஆனால் இவள் பள்ளிக்கு வர வேண்டியவள் என்று அரசு ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. பள்ளிக்கு வரவே இயலாத அளவு கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு, சிறப்பாசிரியர் வீடு தேடி வந்து பயிற்றுவிக்கும் வழியும் உண்டு. கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாமே.

சகோதரிகளே! இவை அனைத்தையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்க இயலாமற்போகலாம். சில பள்ளிகளில் சிறப்பாசிரியரின் வருகைக்குக் காத்திருக்க நேரிடும். சில அலுவலகங்களில் மூன்று முறை ஏறி இறங்க வேண்டி வரும். சலித்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் இத்தகைய பிள்ளையுள்ள மற்றொரு தாயைத் தேடிக் கண்டுபிடித்து, இருவருமாகச் செல்லுங்கள். ஒருவர் கேட்டால் வேண்டுகோள். இருவர் கேட்டால் வழக்கமாகிவிடும்.

உங்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை இல்லையெனினும், அண்டை வீட்டில் இருக்கலாம். வீட்டோடு இருக்கும் அந்தப் பத்து வயதுச் சிறுமியை எவரும் பள்ளியில் பார்ப்பதில்லை. இந்த இதழைப் படித்து முடித்ததும் அவளுடைய உம்மாவிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு, "நாளைக்குத் தலைமையாசிரியரைப் பார்க்கப் போவோமா? நானும் வருகிறேன்" என்று கேளுங்கள்.