அமானிதம்

 

‘நாங்கள் திரும்பி வரும்வரை இது உங்களிடம் அமானிதமாக இருக்கட்டும்’ என்று அண்டை வீட்டார் நகைப் பொட்டலத்தை நம்மிடம் தந்து வெளியூர் செல்வதுண்டு. நாம் எளிதாக வழங்கும் அச்சொல்லின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

அரபியில் அலிஃப், மீம், நூன் என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த சொற்கள் பல. ‘அம்ன்’ என்றால் அச்சமின்மை. ‘ஈமான்’ என்றால் இறைநம்பிக்கை. ‘அமீன்’ என்றால் நம்பிக்கைக்குரியவர். ‘அமானத்’ என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்டது. அதுவே நம் நாவில் ‘அமானிதம்’ ஆயிற்று.

சென்ற நாடுகளிலெல்லாம் இச்சொல் வெவ்வேறு கோலம் பூண்டது. துருக்கியின் பேருந்து நிலையங்களில், பயணிகள் பெட்டிகளை ஒப்படைக்கும் அறைக்கு ‘எமானெத்’ என்று பெயர். இஸ்தான்புல் நகரின் தோப்காபி அரண்மனையில் பாதுகாக்கப்படும் புனிதச் சின்னங்களையும் அச்சொல்லாலேயே குறிக்கின்றனர். வங்காள மொழியில் அது வங்கியில் இடும் வைப்புத்தொகை. இந்தோனேசியப் பள்ளிப் பாடங்களிலோ, ஒரு கதை நமக்கு விட்டுச்செல்லும் படிப்பினை. பெட்டி, பணம், படிப்பினை ஆகிய அனைத்திலும் உறையும் கருத்து ஒன்றே: ஒருவர் நம்பித் தந்தார், பெற்றவர் பேணிக்காக்க வேண்டும்.

நபித்துவத்திற்கு முன்பே மக்கா மக்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ‘அல்அமீன்’ என அழைத்தனர். கி.பி. 622-ல், உயிருக்கு ஆபத்துச் சூழ்ந்த நிலையில் ஹிஜ்ரத் புறப்பட்டபோதும், தம்மிடம் பிறர் வைத்திருந்த பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களிடம் விட்டுச் சென்றார்கள். பகைத்த ஊராரின் பொருளும் அமானிதமே!

சகோதரிகளே, சகோதரர்களே! ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நம்மிடம் கூறும் செய்தியும் அமானிதம் என்று நபிமொழி கற்பிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் தன் மணவாழ்வின் துயரைக் கண்ணீருடன் சொல்கிறாள். நகைப் பொட்டலத்தைப் பிரித்தும் பாராத நாம், அவள் துயரை மறுநாளே பத்து வீடுகளுக்குப் பங்கிடலாமா? நகை குறைந்தால் ஈடு செய்துவிடலாம். ஊரெங்கும் பரவிய சொல்லை எதைக் கொடுத்து மீட்பது?

ஈமானும் அமானிதமும் ஒரே வேரின் கிளைகள் என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம். நம்பி வந்த பொருளையும் சொல்லையும் பழுதின்றிக் காக்க வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.