சுடோ ஒண்ணும் சர்வரோக நிவாரணி இல்லீங்க!

உபுண்டுல ஏதாவது இன்ஸ்டால் பண்றப்ப ஷெல் ஸ்கிரிப்ட் "[[: நாட் ஃபவுண்ட்"னு கத்தினா நம்மாளுங்க என்ன பண்றாங்க? முன்னாடி சுடோ சேர்த்து மறுபடி ஓட்டறாங்க. பெர்மிஷன் பிரச்சினையே இல்லாத இடத்துல ரூட் எதுக்குங்க?

மேட்டர் இதுதான். 2006-ல் வந்த உபுண்டு 6.10-லிருந்து எஸ்ஹெச்னா பாஷ் இல்லை, டாஷ். பூட் சீக்கிரம் ஆகணும்னு மாத்தினாங்க. டெபியனும் 2011-ல் மாறிடுச்சு. டாஷுக்கு [[ தெரியாது, சோர்ஸ் கட்டளையும் தெரியாது. இஃப்-ல [[ வந்தா கத்திட்டு, நிபந்தனை பொய்னு எடுத்துக்கிட்டு அடுத்த வரிக்குப் போயிடும். நிக்காது! அதை ரூட்டா ஓட்டறது எவ்வளவு ஆபத்துன்னு யோசிங்க.

ஸ்கிரிப்டோட முதல் வரியில பாஷ்னு இருந்தாலும், நீங்க எஸ்ஹெச் போட்டு ஓட்டினா அந்த வரிக்கு மதிப்பே இல்லை. பாஷ் போட்டு ஓட்டுங்க, வேலை முடிஞ்சுது.

டாஷைத் திட்டறவங்களுக்கு ஒரு வார்த்தை. பாஷ்ல எழுதிட்டு முதல் வரியில எஸ்ஹெச்னு போடறாரே, அவரைத் திட்டுங்க. அதுக்கு முன்னாடி எரரை முழுசா படிங்க சாமி, வரி நம்பரே அதுல இருக்கு!