ஃபார்மட் பண்ணாதீங்க, ப்ளீஸ்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம்மில் நிறைய பேர் 11-க்கு மாறிவிட்டோம். மாறியதும் சிலருக்கு ஒரு தலைவலி: லேப்டாப் திரை ஜம்முன்னு இருக்கும், ப்ரொஜெக்டரில் மட்டும் "நோ சிக்னல்". ஹாஸ்டலில் இதற்கு ஒரே மருந்துதான்: "ஃபார்மட் அடிச்சிடு மச்சி."

அது வைத்தியமே இல்லை என்பது என் கருத்து. ஓட்டில் எங்கே ஒழுகுதுன்னு பார்க்காமல் வீட்டையே இடிக்கிற மாதிரி. ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி இடித்தால், பேக்அப் இல்லாத கோடும் ரிப்போர்ட்டும் சேர்ந்தே போகும்.

கொஞ்சம் யோசிங்க. முதலில் அதே கேபிளை இன்னொரு லேப்டாப்பில் செருகுங்கள். அங்கே படம் வந்தால் கேபிளும் ப்ரொஜெக்டரும் நிரபராதி. அடுத்து விண்டோஸ் கீயோடு பி அழுத்தி, 'டூப்ளிகேட்' கொடுங்கள். வரலையா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாக ஆரம்பிக்கும்.

அதற்கும் மசியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிஸ்ப்ளே அடாப்டர் இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று மட்டும் இருந்தால் திருடன் சிக்கிட்டான்: உண்மையான டிரைவர் ஏறவே இல்லை. லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரைப் போடுங்கள். அப்கிரேடில் புது டிரைவர் வந்து கெடுத்திருந்தால் 'ரோல் பேக்' இருக்கிறது. எதுவுமே ஆகலைன்னா, செட்டிங்ஸில் ரிக்கவரி பகுதியில் 'கோ பேக்' கொடுத்துப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். அதற்குப் பொதுவாக 10 நாள்தான் கெடு.

உபுண்டு நண்பர்களே, சிரிக்காதீங்க. பல கேமிங் லேப்டாப்களில் ஹெச்டிஎம்ஐ போர்ட் என்விடியா சிப்போடுதான் இணைந்திருக்கும். கெர்னல் மாறி அந்த டிரைவர் ஏறாவிட்டால், உள் திரை ஓடும், வெளித் திரை இருட்டு.

இதில் எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, அவ்வளவுதான். ஃபார்மட் பண்ணினால் பிரச்சினை போகலாம், ஆனால் காரணம் தெரியாது. அடுத்த அப்டேட்டில் அதே இருட்டு திரும்ப வரும். நாலு வருஷமா லேப் ரெக்கார்டில் "வெரிஃபைட்" என்று எழுதித் தள்ளுகிறோம். இதையாவது நிஜமாக வெரிஃபை பண்ணலாமே? அப்புறம், ரிவ்யூ இருக்கிற வாரத்தில் தயவுசெய்து அப்கிரேட் பட்டன் பக்கமே போகாதீங்க.