நடுவில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?

அரங்கேற்ற அழைப்பிதழ் வந்தாலே எனக்கு இப்போதெல்லாம் ஒரு பயம். ஆடும் குழந்தையை நினைத்து அல்ல. பாவம், அது ஏழெட்டு வருஷம் கால் தேய உழைத்துத்தான் மேடைக்கு வருகிறது. பயமெல்லாம் மைக் பிடிப்பவரை நினைத்துத்தான். நாட்டிய சாஸ்திரம், பரத முனிவர், தில்லை நடராஜர், இரண்டாயிரம் வருஷத் தொன்மை என்று ஆரம்பிப்பார். அடுத்த மூச்சில் நேராகப் பெண்ணின் பள்ளிக்கூட மார்க்குக்கு வந்துவிடுவார். நடுவில் ஒருவரும் பிறக்கவில்லை, ஆடவில்லை, தட்டுக்கழி பிடிக்கவில்லை போலிருக்கிறது!

அந்தப் பெண் அன்றைக்கு ஆடப்போவது என்ன? அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா. இந்த மார்க்கத்தை ஒழுங்குபடுத்தியவர்கள் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இரண்டாம் சரபோஜி காலத்து அரண்மனை நட்டுவனார்கள். சுமார் இருநூறு வருஷத்துச் சங்கதி. மாலை முழுக்க அவர்கள் போட்ட பாதையில்தான் குழந்தை நடக்கிறது. நான்கு பெயரைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? அதற்கு நேரமில்லை. சிறப்பு விருந்தினர் தன் பேத்தியும் நடனம் கற்கிறாள் என்று விஸ்தாரமாகச் சொல்வதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

ஆடிய பெண்களைப் பற்றி மூச்சே கிடையாது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆடற்பெண்களான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஒவ்வொருத்தி பெயரையும், எந்தத் தெரு வரிசையில் எந்த வீடு என்பதையும் கல்லில் வெட்டிவைத்தான். ஆளுக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ராஜாவுக்கே அந்தப் பெயர்கள் முக்கியமாகப் பட்டிருக்கின்றன. நமக்குத்தான் கூச்சம்.

கூச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதைதான். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு வழக்கத்தை நிறுத்த முத்துலட்சுமி ரெட்டி போராடினார். அந்த வழக்கத்தில் சிறுமிகள் பட்ட பாட்டைப் பார்த்தவர் அவர், அவர் கோபத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வக்கீல் இ. கிருஷ்ணய்யர் மல்லுக்கட்டினார். 1931-இல் கல்யாணி என்பவரின் மகள்கள் இருவர் மியூசிக் அகாடமியில் ஆடினார்கள். அதுவரை சதிர் என்று அழைக்கப்பட்ட ஆட்டம் பரதநாட்டியமானது. 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நால்வரின் வம்சம். 1947-இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டமும் வந்துவிட்டது. ஆட்டம் பிழைத்தது, அதை வயிற்றுப்பாடாகவும் உயிராகவும் வைத்திருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை மேடையை விட்டே இறங்கிவிட்டன. விதிவிலக்காகப் பாலசரஸ்வதி ஒருவர் நின்று ஆடினார். 1973-இல் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி கொடுத்தது. அந்த அம்மாள் பெயராவது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வராது.

பக்கவாத்தியக்காரர்கள் கதை இன்னும் மோசம். சதிர்க் கச்சேரியில் நட்டுவனாரும் பாடுகிறவரும் மத்தளக்காரரும் ஆடுகிறவளுக்குப் பின்னால் நின்று, அவள் நகர நகரக் கூடவே நகர்வார்கள். பிறகு அவர்களை மேடையின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். சரி, பார்வைக்கு ஒழுங்காக இருந்தது. இப்போது பல இடங்களில் அந்த ஓரமும் காலி. ஒரு மடிக்கணினி பாடுகிறது. குழந்தை ஒரு அடவில் தடுமாறினால் ஜதியை இழுத்துப்பிடிக்க அதற்குத் தெரியுமா?

செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மண்டபம், புடவை, கோயில் நகை, பூ அலங்காரம், ஆல்பம், வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பை. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறினாள். அரசன் தலைக்கோல் பட்டம் கொடுத்தான், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பரிசும் கிடைத்தது. நம் காலத்து மாதவியின் அப்பா கடன் வாங்குகிறார்.

அண்ணன் மகள் தன் பெண்ணுக்கு அரங்கேற்றம் வைத்தபோது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்: "அழைப்பிதழில் ஒரு மூலையில் அந்த நால்வர் பெயரைப் போட்டுவிடேன்மா." நல்ல பெண்தான். அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கே சித்தப்பா இடம்? கேட்டரிங்காரர் பேரையே பின்னட்டையில்தான் போட்டிருக்கோம்" என்றாள்.