சிறு டிராக்டருக்கு என்ஜின் ஹீட்டர் தேவையா?

மார்கழிக் காலையில் சிறு டிராக்டர் ஸ்டார்ட் ஆக மறுத்தால், என்ஜின் ஹீட்டர் பொருத்தலாமா என்று கோவை விவசாயிகள் கேட்கிறார்கள். தேவையில்லை என்பதே என் கருத்து. கனடாவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 டிகிரி இறங்கும், எண்ணெய் கெட்டிப்படும். அங்கே ஹீட்டர் அவசியம். கோவையில் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிது.

கோளாறு வேறிடத்தில் இருக்கும். பாட்டரி முனைகளில் பூத்த உப்பைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். அடைத்த டீசல் ஃபில்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுங்கள். ஹீட்டர் பிளக் இருந்தால், அது சூடேறுகிறதா என்று பாருங்கள்.

உறைபனி விழும் உதகையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்து உறைந்தால், என்ஜின் பிளாக்கில் விரிசல் விழும். உரிய அளவில் கூலன்ட் கலந்து ஊற்றினால் போதும். ஹீட்டருக்கு ஒதுக்கும் பணத்தில் நல்ல பாட்டரி வாங்குவதே சிக்கனம்.