12 ராத்தல் விசை!

கைத்துப்பாக்கியின் விசை கடினமாக இருக்கவேண்டுமா, இலகுவாக இருக்கவேண்டுமா? அமெரிக்க நாட்டில் முப்பது ஆண்டாக நடக்கும் வழக்கு இது. நமக்கென்ன அதைப்பற்றி என்று கேட்கும் தோழர் இருக்கலாம். காவல் என்ற பெயரால் நீட்டப்படும் கருவி யார் மார்பை நோக்கித் திரும்புகிறது என்பது எந்த ஊர்ப் பாட்டாளிக்கும் சொந்த வழக்குத்தான். ஆகவே எழுதுகிறோம்.

நியூயார்க் போலீசாரின் இடுப்பில் நெடுங்காலம் இருந்தது ரிவால்வர். 1993-க்குப் பிறகு 9 மில்லிமீட்டர் தானியங்கித் துப்பாக்கி வந்தது. குளாக் நிறுவனத்தார் செய்யும் அந்தத் துப்பாக்கியின் விசையை இழுக்க, வழக்கமாக ஐந்தரை ராத்தல் பலம் போதும். மேலிடத்தாருக்கு அச்சம் பிறந்தது. பதற்றத்தில் விரல் பட்டாலே வெடித்துவிடுமே! கடினமான ஸ்பிரிங்கைப் பூட்டினார்கள். விசையை 12 ராத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோவுக்கு, ஏற்றினார்கள்.

நல்ல எண்ணந்தானே என்பீர்கள். எண்ணம் நல்லதுதான். கணக்கைப் பாருங்கள். தோட்டா நிரப்பிய துப்பாக்கியின் எடையே இரண்டு ராத்தல் அளவுதான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு 12 ராத்தல் பலத்தோடு ஒரு விரலால் இழுத்தால், விசை மட்டுமா நகரும்? துப்பாக்கியே நகரும். முனை ஒரு நூல் விலகினால், எழுபத்தைந்து அடிக்கு அப்பால் குண்டு ஒன்றரை அடி விலகிப்போகும். லேத்து ஓட்டும் தோழருக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை.

ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-ல் கணக்கெடுத்தது. 1998 முதல் 2006 வரை, எதிரி திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீசாரின் நூறு குண்டுகளில் 18 மட்டுமே குறியில் பட்டன. எதிரி சுடாதபோதும் 30தான்! மிச்சம் எங்கே போயின? 2012 ஆகஸ்டு 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் ஒரு கொலைகாரனை இரு போலீசார் சுட்டார்கள். தொலைவு பத்தடி இருக்கலாம். 16 குண்டுகள். கொலைகாரன் செத்தான், வழியில் போன ஒன்பது பேர் போலீஸ் குண்டுகளாலும் தெறித்த சிதறல்களாலும் காயமுற்றார்கள்.

குறிதான் தவறியது, விபத்தாவது நின்றதா? 2014 நவம்பர் 20. புரூக்ளினில் ஏழைகள் குடியிருக்கும் அடுக்ககம், விளக்கெரியாத மாடிப்படி. இளம் போலீஸ்காரர் ஒருவர் கையில் இருந்த துப்பாக்கி வெடித்தது. சுவரில் பட்டுத் திரும்பிய குண்டு, படியிறங்கிய அகாய் கர்லி என்ற கறுப்பு இளைஞரைக் கொன்றது. அந்தத் துப்பாக்கியின் விசையை ஜூரிகள் இழுத்துப் பார்த்தார்கள். கடினமான விசைதான்! 2016-ல் வந்த தண்டனை, சிறையில்லை. ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 800 மணி நேரச் சமூகப் பணி.

சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைமேல் இருக்கலாகாது. துப்பாக்கியின் பக்கவாட்டில் நீண்டிருக்கவேண்டும். அந்தப் பழக்கம் ஊறியவன் கையில் ஐந்து ராத்தல் விசையும் தானாக வெடிக்காது. ஊறாதவன் கையில் பன்னிரண்டும் காவாது. ஆனால் பழக்கம் ஊற மணிக்கணக்கு வேண்டும், தோட்டா வேண்டும், பயிற்சி நாளுக்குச் சம்பளம் வேண்டும். ஸ்பிரிங்கோ, மலிவு!

குண்டின் கதை வேறு. முனையில் பள்ளமிட்டு, உடலில் பாய்ந்ததும் விரியும் குண்டு. அதன் மூத்த உடன்பிறப்பு கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் 1890-களில் வெள்ளையர் செய்தது. 1899-ல் ஹேக் மாநாடு அவ்வகையைப் போரில் தடுத்தபோது, நாகரிகமற்றோர் சாதாரணக் குண்டுக்கு நிற்கமாட்டார் என்று வாதாடியது பிரிட்டன். அந்தச் சொல்லுக்கு இலக்கு யார் என்று சொல்லவும் வேண்டுமா? போரில் ஆகாத அதே வகைக் குண்டை நியூயார்க் போலீசுக்குத் தர 1998-ல் முடிவெடுத்தார்கள். கேட்டதும் கொதிப்பு வரும்; ஆயினும் நாம் இதை எதிர்க்கவில்லை. உலோக உறையிட்ட பழைய குண்டு ஒருவரைத் துளைத்துப் பின்னால் நிற்பவரையும் தாக்கும். விரியும் குண்டு பெரும்பாலும் முதல் உடலிலேயே நின்றுவிடும். நெரிசலான தெருவில் அது பெரிய வேறுபாடு.

ஆனால் 1999 பிப்ரவரி 4 அன்று, தெருவில் சில்லறைச் சாமான் விற்றுப் பிழைத்த கினி நாட்டு இளைஞர் அமடு டியாலோ, தம் வீட்டு வாசலில் பணப்பையை எடுத்தார். நான்கு போலீசார் 41 முறை சுட்டார்கள். 19 குண்டுகள் பட்டன. அவர் கையில் ஆயுதமே இல்லை. எந்தக் குண்டு, எந்த விசை அவரைக் காத்திருக்கும்? 2000-ல் நால்வரும் குற்றமற்றவர் என விடுதலையானார்கள்.

இப்போது போலீசார் மட்டுமல்ல. தனிக்காரணம் காட்டினால்தான் வெளியே துப்பாக்கி ஏந்தலாம் என்ற நியூயார்க் சட்டத்தை 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தள்ளியது. கடைக்காரரும் கணக்கரும் தமக்குப் பிடித்த இலகு விசையைத் தேர்ந்து இடுப்பில் செருகலாம். பிறகு வந்த மாநிலச் சட்டம் கேட்பது, 16 மணி நேரப் பாடமும் 2 மணி நேரச் சுடுபயிற்சியும். இருபத்தைந்துக்கு மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிச் சீட்டே தேவையில்லை. அந்தப் பதினெட்டு மணி நேரமே அதிகம் என்று நீதிமன்றம் ஏறியவர்களும் உண்டு!